வீட்டுக்காரர் வந்த பொங்கல்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் நேற்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'பொங்கல் விழா. வாடகைக்கு இருப்பவர்களும் கலந்துகொள்ளலாம்.' அந்த 'உம்'மைக் கவனித்தீர்களா? எவ்வளவு பெரிய மனசு! நான் வாடகைக்கு இருப்பவன். மூன்றாவது மாடி வரும்வரை அந்த 'உம்'மையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் மஞ்சள் கொத்து வாங்கி வந்திருந்தார். கிழங்கில் ஈரமண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் முழுக்கப் பச்சை மஞ்சள் வாசனை. வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றும்போது நான் கடலூரிலேயே இல்லை, சிதம்பரத்துக்குப் போய்விட்டிருந்தேன்.

அப்போது எனக்கு அங்கே ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. ரயில்வே கேட் தாண்டி ஒரு காம்பவுண்டில் பத்து லைன் வீடுகள். மொட்டை மாடியில் ஏறினால் கோயில் கோபுரம் தெரியும். அதைக் காட்டித்தான் வீட்டையே வாடகைக்கு விடுவார்கள். கல்யாணமாகாத பையனுக்கு வீடு கொடுப்பதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் கழிவறைப் பக்கம் இருந்த பத்தாம் நம்பரைக் கொடுத்தார்கள். கிடைத்ததே பெரிது என்று போய்ச் சேர்ந்தேன்.

ஒன்றாம் நம்பரில் பால்ராஜ் மாமா. மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எனக்குச் சொந்தமில்லை, ஆனால் காம்பவுண்டுக்கே அவர் மாமா. பண்டிகை என்றால் அவருக்குக் கை பரபரக்கும். ஆனித் தேருக்கு நீர்மோர், ஆடியில் கூழ், கார்த்திகைக்குச் சுற்றுச்சுவர் முழுக்க அகல், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு வாசலில் பெரிய நட்சத்திரம், பிறகு பொங்கல். தண்ணி மோட்டார் பக்கத்தில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து திட்டம் போடுவோம். எனக்குச் செயலாளர் பதவி. கூரியர்க்காரனுக்கு நாலு பேரிடம் பேசத் தெரியும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அந்தப் பதவியில் நான் செய்த பெரிய சாதனை, அடுப்புக்குச் செங்கல் சுமந்தது.

எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே விநோதமாக இருக்கும். "அப்ப யார் யாரு இங்க இருப்பாங்க?" வாடகை வீட்டில் வேறு எதைக் கேட்பது? ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களின் விழாக்களுக்கு ஆள் பஞ்சமே இருக்காது. தை வந்துவிட்டால் போதும், மாட்டுப்பொங்கல் முடிந்த கையோடு வாசலில் மினி லாரி நிற்கும். எங்களுக்குப் பொங்கல் என்பது பாதி வழியனுப்பு விழா.

அந்த வருஷம் போகச் சொல்லப்பட்டவர் நாலாம் நம்பர் மல்லிகா அக்கா. அவர் கணவர் பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். அதற்குப் பிறகு ஆளுக்கு மறதி. பெயர் மறந்துவிடும், சாப்பிட்டது மறந்துவிடும். ஆனால் தெருவில் எங்கே விட்டாலும் நாலாம் நம்பர் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். ஐப்பசியில் ஒருநாள் பால் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, கோயில் மண்டபங்கள் என்று எல்லாரும் தேடினோம். ஆள் கிடைக்கவில்லை. ஆம்பளை இல்லாத வீடு, தையில் காலி செய்யட்டும் என்று ஓனர் போனில் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. மோட்டார் பக்கத்தில் வந்து நின்று எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அதுக்கு இந்த வாசலத் தவிர ஒன்னும் தெரியாது தம்பி. நான் வேற வூட்டுக்குப் போய்ட்டா அது எங்கன்னு வந்து நிக்கும்?"

பால்ராஜ் மாமாவுக்குத்தான் யோசனை தோன்றியது. "ஓனரு இந்தப் பக்கம் வந்தே பல வருஷம் ஆவுது. பொங்கலுக்குக் கூப்புடுவோம். சால்வ போடுவோம், மைக்குல ரெண்டு வார்த்த பேசச் சொல்லுவோம். மனுசன் குளுந்துட்டாருன்னா அந்த நேரம் பாத்து மல்லிகா விசயத்தப் பேசிடலாம்."

இதைவிட நல்ல திட்டம் உலகத்தில் உண்டா என்று தோன்றியது. போகிக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிட்டோம். வீடுகளுக்கு நடுவே ஒரு காலியிடம், பல வருஷக் குப்பை. வேலிக்காத்தான் புதர், உடைந்த கட்டில், யாரோ விட்டுப்போன ஸ்கூட்டர். எல்லாவற்றையும் அப்புறப்படுத்திச் சாணி தெளித்துப் பெருக்கினோம். அடேயப்பா, இவ்வளவு இடமா இருந்தது இங்கே என்று நாங்களே வாயைப் பிளந்தோம். பெண்கள் அந்த இடம் கொள்ளுமட்டும் கோலம் போட்டார்கள்.

பொங்கலன்று காலை ஒன்பது அடுப்பு எரிந்தது. மல்லிகா அக்கா மட்டும் பானை வைக்கவில்லை. உள்ளே அரிசி களைந்து மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா மைக்கைப் பிடித்தார். மாமா வீட்டில் எப்படியோ, மைக்கைப் பிடித்தால் சுத்தத் தமிழ்தான். 'ஓனர்' என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கிறார். தெருமுனையில் கார் திரும்பியதும் குரலை உயர்த்தினார்.

"வீட்டுக்காரர் வந்துவிட்டார்! நம் வீட்டுக்காரர் வந்துவிட்டார்!"

நம் பாஷையில் வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், புருஷனும் வீட்டுக்காரர்தான். நாலாம் நம்பர் கதவு படாரென்று திறந்தது. கையில் அரிசித் தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா ஓடிவந்தார். கோலத்தை மிதித்துக்கொண்டு, அடுப்புகளுக்கு நடுவே, "எங்க? எங்க?" என்று ஓடினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கேட்டைத் தாண்டிப் போய் நின்றார். வெள்ளை வேட்டியில் ஓனர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஏதோ தன்னை வரவேற்க ஓடிவந்த பெண் என்று நினைத்து அவர் கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டார். வேறு என்ன செய்வார், சொல்லுங்கள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமா மைக்கை அணைத்துவிட்டு ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

ஓனர் சால்வையை வாங்கிக்கொண்டார், பொங்கலும் சாப்பிட்டார். பிறகு எழுந்து காலியிடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பியும் நடந்தார். கோலத்தைப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். மாமா மெதுவாகப் பக்கத்தில் போய், "நாலாம் நம்பர் பொண்ணு விசயமா..." என்று இழுத்தார். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று அவர் மைக்கைக் கேட்டார்.

"இவ்ளோ எடம் இருக்குதுன்னு எனக்கே தெரியாமப் போச்சிங்க. புதரா கெடக்குதுன்னு விட்டுட்டேன். நீங்கள்லாம் சேந்து கண்ணத் தொறந்துட்டீங்க. இந்த வூடுங்களும் பழசாயிடிச்சி. எல்லாத்தையும் எடுத்துட்டு இங்க ஒரு கல்யாண மண்டபம் கட்டப் போறேன். உங்க வூட்டுக் கல்யாணம்லாம் இங்கதான் நடக்கணும்!"

சொல்லி நிறுத்தினார். மைக்கில் பேசுகிறவர் குரலை ஏற்றி நிறுத்தினால் கை தட்டுவதுதான் நம் வழக்கம். நாங்கள் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். குழந்தைகள் விசில் அடித்தார்கள். தட்டி முடித்த பிறகுதான் அவர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய்ப் பத்து வீட்டையும் கொடுத்துவிட்டு நின்றோம்.

பங்குனிக்குள் எல்லாரும் போய்விட்டோம். மல்லிகா அக்காதான் கடைசி. நான் வேலை மாறிக் கடலூருக்கு வந்தேன். மாமா மைக்செட்டை விற்றுவிட்டு மகளோடு சென்னைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம் அந்த மண்டபத்திலேயே நடந்தது. நாலாம் நம்பர் இருந்த இடத்தில் மணமேடை. கை கழுவப் பின்பக்கம் போனவன் அங்கே அக்காவைப் பார்த்தேன். அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் திறந்த நாளிலிருந்து அங்கேதான் வேலையாம்.

"வூடு இல்லன்னாலும் எடம் இதான தம்பி. பந்தி முடிஞ்சதும் சோத்துக்குன்னு வாசல்ல ஆளுங்க நிப்பாங்கல்ல, ஒருத்தர் விடாம மூஞ்சியப் பாத்துடுவேன். தாடி வச்சிருந்தா இன்னும் கிட்டப் போயிப் பாப்பேன்."

சொல்லிவிட்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

போன ஆவணியில் சிதம்பரம் போனபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மண்டபமும் இல்லை. சுற்றிலும் தகரம் அடித்து, உள்ளே ஏதோ பெரிய கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியவில்லை. எதிரில் இருந்த டீக்கடைக்காரர் புதுசு. மல்லிகா என்று ஒருவரையும் தெரியாது என்றார். பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் விசாரித்தேன். எல்லாரும் நேற்று வந்தவர்கள், வாடகைக்கு. இனி அந்த மனிதர் ஞாபகம் வந்து, சரியான இடத்துக்கே வந்து நின்றாலும், நாலாம் நம்பர் இங்கேதான் இருந்தது என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் கிடையாது.