ஒரு கரண்டிச் சோறு

என் ஒரே மகனை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தத் தழும்பு இன்றும் வலிக்கும். என் மருமகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று, அவள் உண்டானது முதல் நானே அவளுக்குச் சோறு போட்டேன். வேளைக்கு ஒரு கரண்டிதான்.

“வவுறு முட்டத் துன்னா கொயந்த பெருசாயிடும். அப்பால ஆப்ரேசன்தான்” என்பேன். காலடிப்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. அவள் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

எட்டாம் மாத ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“மாசத்துக்கேத்த வளர்ச்சி இல்லையே. ஒழுங்கா சாப்பிடுறியா?”

என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன்.

“எங்க அத்த நல்லாத்தான் போடும் டாக்டர். எனக்குத்தான் துன்ன முடில” என்றாள்.

டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். நான்கைத் தின்றவள், ஐந்தாவதில் கை வைக்குமுன் என் முகத்தைப் பார்த்தாள்.

“துன்னட்டா அத்த?”

வயிற்றுக்குள் குழந்தை துவண்டுவிட்டதென்று, கடைசியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தாள் என் பேத்தி.

இப்போது எங்கள் வீட்டில் சோறு போடுவது மருமகள்தான். கேட்காமலே என் தட்டில் இரண்டு கரண்டி வைக்கிறாள். எனக்குத்தான் ஒன்றுகூட இறங்குவதில்லை.