எலிக்காதும் எலியும்

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பூவரசந் தூணில் ஒரு காளான் முளைத்தது. குடையும் இல்லை, காம்பும் இல்லை. பழுப்பு நிறத்தில், வழவழவென்று மடங்கிக் கிடக்கும். தெருப் பிள்ளைகள் அதற்கு எலிக்காது என்று பேர் வைத்திருந்தார்கள். நிஜ எலியும் வீட்டில் ஒன்று இருந்தது. வயலில் தண்ணீர் ஏறியதும் வளையை விட்டுக் கரையேறி வந்த சுண்டெலி. அதன் காதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். ரத்தம் ஓடுவது தெரியும், சின்னச் சத்தத்துக்கும் துடிக்கும். தூணில் இருந்ததோ தொட்டால் ஜில்லென்றிருக்கும், எத்தனை பேசினாலும் கேட்காது. நான் அதனிடம் பேசியதுண்டு. வேறு யாரிடம் பேசுவது?

கூலி உயர்வு கேட்டு நடந்த சண்டையில் என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போயிருந்தார். கூட நின்றவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக மறுபடி மிராசுதார் பண்ணைக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். என்னோடு பேசினால் பண்ணையில் வேலை கிடையாது. குளத்தில் நான் இறங்கினால் மற்றவர்கள் கரையேறினார்கள். ஒற்றை வயிற்றுக்குத் தினம் என்ன சமையல்? ஒருநாள் பொங்கி, தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாளும் அதிலேயே ஓட்டினேன். புகை படாத தூண் ஈரம் கோத்துக்கொண்டது.

குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட சமயம் அது. என் வீட்டில் ஆளே இல்லை என்று பண்ணையிலிருந்து மனுப் போட்டார்கள். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். பண்ணைக் காரியஸ்தர் நேரே தூணைக் காட்டினார்.

“அடுப்பெரியற வீட்டுத் தூண்ல காளான் மொளைக்குமா, நீங்களே சொல்லுங்க சார். இந்தப் பொம்பளை எப்பவோ ஆத்தா வீட்டோட போயாச்சு. நீங்க வர்றது தெரிஞ்சு இன்னைக்கு வந்து நிக்கிது.”

தெருவே கூடி நின்றது. “இந்தம்மா இங்கதான் இருக்காங்களா?” என்று இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

அவர் குனிந்து உள்ளே போனார். அரிசிப் பானையை மூடியிருந்த முறத்தடியிலிருந்து சுண்டெலி துள்ளி, அவர் காலின்மேல் விழுந்து ஓடியது. பதறிப்போனவர் பானைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“திங்க ஒண்ணுமில்லாத வீட்ல எலிக்கு என்னய்யா வேலை? ஆள் இருக்கு, போங்க.”

மனை எங்களுக்கு ஆனது. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குச் சாட்சி சொல்ல ஒரு எலிதான் வரவேண்டியிருந்தது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் கலைந்ததும் காளானைப் பிய்த்தெறிந்தேன். பிறகு அடுப்பை மூட்டினேன். பசி இல்லை. கூரைக்கு மேலே புகை தெரியட்டும் என்று ஈர விறகாகப் பார்த்து வைத்து ஊதினேன்.