அறுப்புக் காலத்தில் பூசிய வரம்பு

அன்று காலை எங்கள் வளவுக்குள் இருந்தது நான், என் புருஷன், அவருடைய தம்பி, பக்கத்து வளவு அண்ணன். பிறகு நாய்.

முதல்நாள் ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ வந்துபோனது. அனுமதி இல்லாத துவக்கை ஒப்படைக்கலாம், இல்லாவிட்டால் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை என்று சொன்னார்கள். எங்களிடம் ஒரு இடியன் இருந்தது. வெடிமருந்தை இடித்து நிரப்பிச் சுடுகிற நாட்டுத் துவக்கு. என் புருஷன் அதை வானத்துக்குத்தான் சுடுவார். இரவில் வயலுக்கு வருகிற யானை சீன வெடிக்குப் பழகிவிட்டது. இடியன் சத்தத்துக்கு மட்டும்தான் திரும்பிப் போகும். நெல் பழுத்து நின்றது. கொடுத்தால் வயல் போய்விடும். பிடிபட்டால் அவர் போய்விடுவார். அவர் கொடுக்கவில்லை.

அண்ணனுடையது லைசன்ஸ் துவக்கு. இருந்தும் தனியே இருக்கப் பயந்து எங்கள் வளவுக்கு வந்து, அதைச் சாக்கில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் சட்டைப்பையில் இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. "பொண்ணு பாக்கவா வாறாங்க, இந்தத் துடை துடைக்கிறீங்க?"

"உங்கட பொண்ண எங்கடா ஒளிச்ச?" என்றார் அண்ணன்.



எனக்கும் தெரியாது. விடியுமுன் என் புருஷன் வயல் வட்டைக்குப் போய்க் கையெல்லாம் சேறோடு வந்தார். ரயர் ரியூப்பில் சுற்றி வைத்தாயிற்று என்றார். 

மாட்டை அவிழ்க்கப் பின்னால் போனபோது கண்டேன். வயல் முழுக்க மஞ்சள். தண்ணீர் வடிய விட்டுப் பல நாள், வரம்பெல்லாம் வெடித்துக் கிடந்தது. நடு வரம்பில் ஒரு பாகம் மட்டும் கறுப்பாக, ஈரமாக, மண்வெட்டியின் முதுகால் வழித்துப் பூசியிருந்தது. விதைப்புக் காலத்தில் அவர் பூசுகிற மாதிரியே வடிவாக இருந்தது. தோண்டி மூடினவர் கைப்பழக்கத்தில் பூசியும் விட்டார்.

திரும்பி வந்து அவரிடம் மெதுவாகச் சொன்னேன். "இஞ்சாருங்க, அறுப்பு நேரத்துல ஆரு வரம்பு பூசுற?"

அவர் மண்வெட்டியை எடுத்தார். ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பியது. திரும்பவும் வைத்தார்.

அரிசிப் பானை, பாய், கூரை எல்லாம் பார்த்தார்கள். அண்ணனுடைய துவக்கின் இலக்கத்தை லைசன்சோடு ஒப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். போகப் பார்த்தார்கள். அவர்களில் வயதானவர் கிணற்றடியில் கை கழுவினார். வயல் பக்கம் பார்த்தார். கழுவின கையை உதறாமல் அப்படியே நின்றார். தன் ஊரிலும் வயல்தான் என்றார், அரைத் தமிழில்.

"வெட்டுற நேரம். ஏன் புது வரம்பு?"

என் புருஷன் மண்வெட்டியோடு முன்னால் போனார். "நானே எடுத்துத் தாறன். வரம்ப உடைக்காதீங்க."

எடுத்துக் கொடுத்தார். மண்ணைத் திரும்ப மூடினார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தம்பி மோட்டார்சைக்கிளில் பின்னால் போனான்.

அண்ணன் துவக்கைச் சாக்கில் சுற்றினார். இரவைக்கு ஒரு வெடி வைப்பீர்களா என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி. சத்தம் கேட்டா திரும்ப வருவாங்க."

அவர் வீட்டுக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் நாயை வயல் காவல் பரணடியில் கட்டினேன். இரவு முழுக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் வயலுக்குள் இறங்கி யானைத் தடம் எண்ணினேன். குட்டியோடு ஏழு.