மைக் அக்கா பாடாத பாட்டு

பேருந்து நிலையத்தில் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அறிவித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் டீக்கடைக்காரரும் பெருக்குகிறவர்களும்தான். அங்கே கூரை ரொம்ப உயரம். சொன்ன சொல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் காலை வாரிவிடும். அதனால் ஒரு சொல் அடங்கிய பிறகே அடுத்ததைச் சொல்லப் பழகியிருந்தாள். வீட்டிலும் அதே பேச்சுதான். "அம்மா சாப்பிடக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போயிடும்" என்பாள் மகள்.

ஒரு மத்தியானம், தோளில் கிடாரோடு ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். தினமும் இந்த நிலையத்தில்தான் பஸ் ஏறுவாளாம்.

"நாங்க நாலு பேர் ராக் பேண்ட் வச்சிருக்கோம்க்கா. முதல் ஆல்பம் பதிவு பண்றோம். கடைசிப் பாட்டுல ஒரு அறிவிப்பு வருது. உங்க குரல்தான் வேணும்."

"இங்கயே பதிவு பண்ணிக்கிட்டுப் போயேன். தினம் காத்துலதானே கரையுது."

"இந்த இரைச்சல்லயா? நீங்க வரணும்க்கா."

ஞாயிற்றுக்கிழமை போனாள். கிடார்காரியின் சித்தப்பா நடத்தும் அச்சகத்துக்குப் பின்னால், காகிதக் கிடங்கைத்தான் ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். கதவைச் சாத்தியதும் தன் மூச்சே தனக்குக் கேட்டது. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.

"போனவர்கள்" என்று படித்துவிட்டுக் காத்திருந்தாள். எதுவும் திரும்பி வரவில்லை. இல்லாத படியில் காலை வைத்ததுபோல் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அனைவரும்." மறுபடி காத்திருந்தாள். "திரும்பி." "வரும்." "வண்டி." படித்து முடித்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மன்னிச்சிடுங்கப்பா, இழுத்துட்டேன். வேகமாச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!" டிரம்ஸ்காரர் எழுந்தே விட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர், எளிதில் அசராத ஆள். பதிவைத் திரும்ப ஓட்டி, தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தார். "அக்கா, நீங்க விட்ட ஒவ்வொரு இடைவெளியும் ஒரே அளவு. ஒரு மயிரிழை கூடக் கூடல, குறையல. இந்தப் பாட்டு எந்த வேகத்துல போகணும்னு மூணு மாசமா அடிச்சுக்கிறோம். நீங்க பாட்டுக்கு வந்து சொல்லிட்டீங்க."

ஏற்கெனவே வாசித்து வைத்திருந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவளுடைய இடைவெளிகளின் அளவில் பாட்டை முதலிலிருந்து வாசித்தார்கள்.

நாலு மாதம் கழித்து, ஒரு மாலையில் ஆல்பம் வெளியீடு. சின்ன அரங்கம், இருநூறு பேர் இருப்பார்கள். கணவரோடும் மகளோடும் பின்வரிசையில் உட்கார்ந்தவளைக் கடைசிப் பாட்டுக்கு மேடைக்கே இழுத்துப்போனாள் கிடார்காரி.

"முகத்தைக் காட்டிப் பேசி எனக்குப் பழக்கமே இல்லம்மா."

"கண்ணை மூடிக்கோங்க."

மூடிக்கொண்டு முதல் சொல்லைச் சொன்னாள். "நம்ம பஸ் ஸ்டாண்ட் குரல்!" என்று யாரோ கத்தினார்கள், ஒரே சிரிப்பு. இரண்டாவது சொல்லில் சிரிப்பு நின்றது. அவள் விட்ட இடைவெளியில் டிரம்ஸ் ஒரே ஒரு முறை விழுந்தது. பலகைத் தரை வழியாக அது உள்ளங்காலில் ஏறியது. மூன்றாவது சொல்லில் பேஸ் கிடார் சேர்ந்தது. நாலாவது சொல்லுக்குப் பிறகு இருமல்கூட இல்லை. தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தாள். இருநூறு பேரும் அசையாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடமாக அவள் குரலைக் கேட்டதும் ஜனங்கள் ஓடத்தான் செய்திருக்கிறார்கள். ஓடாமல் இருந்து கேட்பதை அன்றுதான் பார்த்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வண்டி" என்றாள். மொத்த இசையும் ஒரேயடியாக எழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஆல்பத்தின் உறையைத் தெருவிளக்கில் பிடித்துப் படித்தாள். "அம்மா, உன்னைக் குரல்னு போடல. தாளம்னு போட்டிருக்காங்க!" மைக் அக்கா உறையை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். கணவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே அச்சகத்துக்குப் போனாள்.

"சும்மாதான் வந்தேன். நீங்க வாசிங்க, கேக்கறேன்" என்று காகிதக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.