தாலிக்கொடியில் தொங்கிய சேஃப்டி பின்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பெப்ரவரி மாதம். லண்டன் குளிரில் விறைத்துக் கிடந்த நேரத்தில், நான் மெக்சிகோ நாட்டுக் கடற்கரையில் வெறுங்காலோடு வெயிலில் நின்றேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதே ஒரு கதை.

அப்போது நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ட்ராவல்ஸில் டிக்கெட் போடும் வேலை செய்தேன். கொழும்பு, சென்னை, டொரொண்டோ என்று ஊரையெல்லாம் அனுப்பி வைப்பேன். லண்டன் வந்தபிறகு நான் மட்டும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஓடும் தூரத்தைத் தாண்டியதில்லை. விடுமுறைப் பயணங்கள் நடத்தும் கம்பனி ஒன்று, டிக்கெட் விற்பவர்களை இலவசமாக மெக்சிகோவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம் என்று அழைத்தது. எங்கள் முதலாளி அண்ணைக்கு விமானம் என்றாலே பயம். விற்பாரே தவிர ஏறமாட்டார்.

“தங்கச்சி, நீர் போய்ப் பாத்திட்டு வாரும். எங்கட சனம் காசு குடுத்துப் போகுமோ எண்டு வந்து சொல்லும்” என்றார்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதுவரை ஓர் இரவுகூட அவர்களைப் பிரிந்ததில்லை. “ஒரு கிழமைதானே, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று கணவர் அனுப்பிவைத்தார். சின்னவள் மட்டும் விமான நிலையத்தில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

என்னோடு அறையில் தங்கியவள் வெம்பிளியில் இதே வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவள், கல்யாணமாகாதவள், சரியான வாயாடி. முதல் நாளே என்னை அக்கா ஆக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் எங்களை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். காலையில் மாயா மக்களின் பழைய கோயில்கள், மதியம் சின்னப் படகில் போய்க் கடலுக்குள் முகம் புதைத்து மீன் பார்ப்பது, பிறகு கடற்கரையில் ஓய்வு. வழிகாட்டியும் மாயா இனத்தவர்தான். நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் யோசித்துப் பேசினார்.

கேள்வி கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோயில் என்றதும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப் போய், கல் தோசைக்கல்லாகச் சுட்டு, ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே கேட்கத் தொடங்கினேன். இங்கே என்ன சாமி? யார் பூசை செய்தார்கள்? கடலைப் பார்த்த பெரிய கோயிலில் உயரத்தில் ஏன் ஜன்னல்? அங்கே விளக்கு வைப்பார்களாம். கடலுக்குள் நீளமாகக் கிடக்கும் பவளப்பாறைக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டாம். படகுக்காரர்கள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களாம்.

ஒரு வாசலுக்கு மேலே, தலை கீழாகவும் கால் மேலாகவும் ஒரு சாமி செதுக்கியிருந்தது. ஏன் தலைகீழ் என்று கேட்டேன்.

வழிகாட்டி தோளைக் குலுக்கினார். பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், உண்மையில் யாருக்கும் தெரியாது, இப்படியே பார்த்துப் பழகிவிட்டோம் என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. சொந்தச் சாமியைப் பற்றியே தெரியாத இவரெல்லாம் ஒரு வழிகாட்டியா என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் ஏறும் முன் சங்கிலி, மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி பஸ்ஸிலுள்ள பெட்டியில் பூட்டச் சொன்னார்கள். மினுங்கும் பொருளைப் பார்த்தால் ஒரு பல்லுக்கார மீன் பாயுமாம். எல்லோரும் கழற்றினார்கள். நான் அசையவில்லை. என் கழுத்தில் தினமும் போடும் மெல்லிய தாலிக்கொடி. அதில் எப்போதும்போலச் சில சேஃப்டி பின்கள்.

“அக்கா, கழட்டி வெச்சிருங்கக்கா. யாரு எடுக்கப் போறா?” என்றாள் வாயாடி.

“கழட்ட ஏலாது பிள்ளை.”

“சரி, அந்தப் பின்னையாச்சும் கழட்டுங்க. கிலுகிலுன்னு ஆடுது.”

டீ-ஷர்ட்டின் கழுத்தை இழுத்து மூடி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். வழிகாட்டி பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டார்.

படகு பவளப்பாறையின் அந்தப் பக்கம், வெளிக்கடலில் நின்றது. உயிர்காக்கும் அங்கியை மாட்டி, மூச்சு விடும் குழாயைக் கடித்து, கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். திறந்து பார்த்தால் நீலமும் மஞ்சளுமாக மீன்கள், என் விரல் நுனியில் வந்து முட்டுகின்றன. சிரித்து ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நீளமாக, வெள்ளியாக ஒன்று அசையாமல் நின்று என்னையே பார்த்தது. அட, இது சீலா! எத்தனை தடவை குழம்பு வைத்திருப்பேன். துண்டு துண்டாகவே பார்த்த மீனுக்கு இவ்வளவு பெரிய பல் என்று யாரும் சொல்லவில்லை. தாலியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, அடித்துப் பிடித்துப் படகுக்கு வந்துவிட்டேன்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. எஞ்சின் ஒரு மாதிரி உறுமியது, படகு நகரவில்லை. படகுக்காரர் சட்டென்று நிறுத்தி எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைப் பிடித்திருக்கும் நட்டு கழன்று, விழுகிற நிலையில் நின்றது. நட்டு சுழன்று வெளியே வராமல் குறுக்கே செருகும் சின்னக் கம்பி துருப்பிடித்து உடைந்துவிட்டதாம். கம்பி இல்லாமல் ஓட்டினால் காற்றாடியே கடலுக்குள் போய்விடும். நங்கூரம் போட்டார், அது பிடிக்காமல் இழுபட்டது. காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. அலை அதில் மோதி வெள்ளையாக உடைவது தெரிந்தது, சத்தமும் கேட்கத் தொடங்கியது.

படகிலிருந்த கருவிப் பெட்டியைக் கொட்டித் தேடினார், ஒன்றும் இல்லை. ஒரு கம்பி, ஒரு கொண்டை ஊசி யாரிடமாவது இருக்கிறதா என்று வழிகாட்டி கத்தினார். எல்லாம் பஸ்ஸில் பத்திரமாகப் பூட்டியிருந்தன. என் பக்கத்தில் வாயாடி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சின்னவள் கோட்டைப் பிடித்து நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா, முருகா என்று கை தானாகத் தாலிக்குப் போனது. விரலில் பின் குத்தியது.

இருந்ததிலேயே பெரியதைக் கழற்றி நீட்டினேன். படகுக்காரர் ஒரு விநாடி அதையே பார்த்தார். பிறகு நட்டை இறுக்கி, பின்னை நிமிர்த்தித் துளைக்குள் செருகி, முனையைக் குறட்டால் வளைத்தார். எஞ்சின் உயிர்பெற்றது. மெதுவாக, மிக மெதுவாகப் போனோம். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, கரையிலிருந்த பெரிய கோயிலையே பார்த்தபடி ஓட்டினார். அது நேர் எதிரே வந்ததும் படகைத் திருப்பினார். இரண்டு பக்கமும் அலை உடைய, நாங்கள் இடைவெளிக்குள் நுழைந்தோம். காலையில் கதையாகக் கேட்டது உண்மையாக இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

கடற்கரையில் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். வழிகாட்டி ஓர் இளநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்யாணச் சங்கிலியில் ஏன் இந்தப் பின்களைத் தொங்கவிடுகிறீர்கள்?

சேலை குத்த என்று சொல்ல வந்தேன். நான் சேலை உடுப்பதோ கோயிலுக்குப் போகும்போது மட்டும், மற்ற நாளெல்லாம் காற்சட்டை. பிறகு ஏன்? தெரியவில்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் தொங்கவிடுவார்கள், பார்த்துப் பழகிவிட்டது என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. அவரும் தலைகீழ்ச் சாமியை நினைத்திருக்க வேண்டும், இருவரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் அலுமாரியைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய பின் ஒன்றைத் தேடி எடுத்து, “இந்தாரும், கொழுவும்” என்று கையில் தந்தார்.

சின்னவள் இப்போது கல்யாணமாகிய பெண். அவள் தாலியிலும் பின் தொங்குகிறது. ஏனம்மா என்று அவள் கேட்டால், இந்தக் கதையைச் சொல்கிறேன். அந்தச் சாமியும் எப்போதோ ஒரு நாள் யாரையோ கரைசேர்க்கத்தான் அப்படித் தலைகீழாகக் குதித்திருக்கும், காரணம் மறந்துபோய்ச் சாமி மட்டும் வாசலில் நிற்கிறது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.