உங்கள் பெயரால் ஒரு பை

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுப் பரணைத் திறந்தால் பைகள்தான் தலையில் விழும். எல்லாம் கருத்தரங்குப் பைகள். நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில், நிர்வாகப் பிரிவில். வருடத்துக்கு ஒரு முறை ஏற்றுமதிக்காரர்களையும் கிளியரிங் ஏஜென்ட்களையும் அழைத்து ஒரு நாள் கருத்தரங்கு நடத்துவோம். வருகிற எல்லாருக்கும் ஒரு பை. அதற்குள் டைரி, பேனா, தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா முந்திரி மக்ரூன். பேனா எழுதாது. பாட்டில் ஒழுகும். மக்ரூன் மட்டும் நன்றாக இருக்கும். அதை எல்லாம் வாங்கி, நிரப்பி, அடுக்கி, "எனக்கு டைரி வரலையே" என்று திரும்பி வருகிறவரைச் சமாளித்து அனுப்புவது என் வேலை.

அதனால் போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த மெயில் வந்தபோது ஆபீஸிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். இனிமேல் பரிசுப்பொருள் கிடையாது. அதற்குப் பதில், கருத்தரங்குக்கு வருகிறவர்கள் பெயரால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை. ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு மட்டும். நல்ல யோசனை என்று பதில்கூட எழுதினேன். அதுதான் வினை. அவ்வளவு ஆர்வமாக இருக்கிறவர்களே பள்ளிக்கூடத்தையும் பார்த்துச் சொல்லட்டும் என்று அந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது.

ஆலந்தலைப் பக்கம் கடலோரமாக ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க, காட்டுதேன்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறை. நான்கு அறை. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. இரும்புக் கதவுகள்தான் உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தன. ஒன்று கழன்று சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டில் கீழ்ப்பாதி இல்லை. ஒரு அறைக்குக் கதவே இல்லை, ஒரு பழைய சேலை தொங்கியது.

"ஒரு பிள்ள உள்ள போனா இன்னொரு பிள்ள வெளிய காவல் நிக்குது. பெரிய பிள்ளைக காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்குதுக. அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, வரும்போது வரும். உங்களால முடிஞ்சா இந்த நாலு கதவ மட்டும் போட்டுத் தாங்க. இரும்பு வேண்டாம், பிவிசி போதும்."

திங்கட்கிழமை காலையிலேயே அதைப் படத்தோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. பேசிய பெண் சென்னைக்காரி, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், விஷயம் ரொம்ப நல்ல விஷயம். ஆனா கழிப்பறைக் கதவை எப்படி மேடம் கார்டுல போடறது?"

"கதவுன்னு போடுங்க."

"இல்ல மேடம். குழந்தைங்க கையில புடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஸ்கூல் பேக் குடுத்துடலாமே?"

அரசாங்கமே அந்தப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் பை கொடுக்கிறது என்று சொன்னேன். "நம்ம பேக் குவாலிட்டி வேற மேடம்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் நீல நிறத்தில் பள்ளிப் பைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முதுகிலும் எங்கள் கம்பெனியின் சின்னம், ஒரு தோசை அகலத்துக்கு. பிள்ளைகளைக் கருத்தரங்கு மேடைக்கு அழைத்து வர முடியுமா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். "பள்ளிக்கூட நாள்ல பிள்ளைகள கூட்டிட்டு வந்து ஓட்டல்ல நிறுத்த மாட்டேன். நானும் வரல" என்று போனை வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கருத்தரங்கு அன்று பாளை ரோட்டில் ஒரு ஓட்டல் ஹால். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் டைரக்டர் பைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரைக்கும் பைகளை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி வைக்கச் சொன்னார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். அடுக்கி வைத்தது நான்தான். அத்தனை வருடமாகப் பரிசுப் பைகளை வைக்கிற அதே இடத்தில், அதே மேசையில் வைக்கிறோமே என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

ஒவ்வொரு நாற்காலியிலும் கார்டு இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். 'உங்கள் பெயரால் ஒரு குழந்தையின் கல்விக்கு நாங்கள் உதவியிருக்கிறோம்' என்று அர்த்தம் வரும். முதல் இடைவேளையிலேயே பாதிக் கார்டுகள் டீ டம்ளருக்கு அடியில் போய்விட்டன.

சாப்பாடு முடிந்து நான் மேடையில் மைக் செட்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். டைரக்டர் கை துடைத்துக்கொண்டே வந்து, "பேக்ஸ் கொண்டு வரலாமே" என்றார். வாசலுக்குப் போனேன். மேசையில் மூன்று பைகள் கிடந்தன. பக்கத்தில் ஓட்டல் பணியாளர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் ஒழுங்கா லைன்ல விட்டுக் குடுத்துட்டேன் மேடம். ஒருத்தருக்கு ஒண்ணுதான். ஒரு அண்ணாச்சி மட்டும் ரெண்டு பேத்தி இருக்குன்னு ரெண்டு வாங்கிட்டாக."

நான் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டைரக்டர் அந்த மூன்று பைகளையே வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்தவர் கெட்டிக்காரர், கிட்டப் போய் எடுத்ததில் பின்னால் இன்னும் நூறு பை இருக்கிற மாதிரி வந்தது. சாயங்காலம் விமானம் ஏறும் முன் டைரக்டர் எங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்: பைகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மேலாளர் என்னிடம் சொன்னார். நான் யாரிடம் சொல்ல?

மறுநாள் காலையிலிருந்து பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு போன் போட்டேன். இருபது வருடமாக என்னைத் தெரிந்தவர்கள்.

"பையா? நல்ல பைம்மா. ஜிப்பு மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார் ஒரு கிளியரிங் ஏஜென்ட். சிவகாசிக்காரர் ஒருவர் கேட்டார்: "குடுத்தத திருப்பிக் கேக்கீயளே, கம்பெனிக்கு என்ன ஆச்சு?"

"அது உங்களுக்குக் குடுத்தது இல்ல அண்ணாச்சி."

"அப்ப எங்களுக்கு என்னதான் குடுத்தீய?"

"கார்டு."

"எந்தக் கார்டு?"

மூன்று நாளில் பதினாறு பைகள் வந்தன. ஒன்றில் பாதி பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

போனை எடுக்காதவர்களில் ஒருவர் உப்பு ஏற்றுமதி செய்கிறவர். அறுபது வயது தாண்டியவர், முன்கோபி. நான்காவது நாள் அவரே நேரில் வந்துவிட்டார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் அந்தக் கார்டு. யாரையோ வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். இரண்டையும் என் மேசையில் போட்டார்.

"ஏம்மா, நான் என்ன இல்லாதப்பட்டவனா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பைய எடுத்துட்டுப் போக? வரிசையில நிப்பாட்டிக் குடுத்தான், வாங்குனேன். இப்ப ஊரு பூரா போனப் போட்டு எங்களக் களவாணி ஆக்குதீய!"

"தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எம் பேரால குடுத்தோம்னு எழுதியிருக்கே. எம் பேரால குடுக்க நீங்க யாரு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா? அந்தப் பிள்ளைக பை வேணும்னு கேட்டுச்சா?"

இத்தனை நாளாக எனக்குள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "கேக்கல அண்ணாச்சி. கதவு கேட்டாக. கக்கூஸ் கதவு. நாலே நாலு. அத போட்டோ எடுக்க முடியாதாம்!" என்று கத்தியே விட்டேன். அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

 அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். கதவு ஏன் போயிற்று, எந்தப் பக்கம் கடல், வாசல் எத்தனை அகலம் என்று கேட்டார். அகலம் எனக்குத் தெரியவில்லை. "அளவுகூட எடுக்காம என்னத்த மெயில் அனுப்புனீய" என்று அதற்கும் திட்டினார். பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு எழுந்தார். "எம் பேரால நான் குடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியையிடமிருந்து போன். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"யாரு அந்த மனுசன்? ஞாயித்துக்கெழம ஆசாரியோட வந்து இறங்கிட்டாரு. எனக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சு ஓடி வரவேண்டியதாப் போச்சு. கீல் துருப்பிடிக்காத கீலா இல்லன்னு ஆசாரிய திருச்செந்தூருக்குத் திருப்பி அனுப்பி வேற வாங்கிட்டு வரச் சொல்லி, அதுவரைக்கும் வெயில்ல நின்னு எங்க சுவரு சரியில்லன்னு என்னைய ஏசுதாரு."

"கதவு போட்டாச்சா?"

"போட்டாச்சு. நாலும். உள்ள தாப்பாளும் உண்டு." அப்புறம் கொஞ்சம் குரல் தணிந்து, "பிள்ளைக ரெண்டு நாளா சும்மாவே உள்ள போய்ப் பூட்டிப் பூட்டிப் பாக்குதுக" என்றார். பைகளை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "இங்கன வைக்க இடமில்ல" என்றார்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனியின் செய்தி மடல் வந்தது. டைரக்டர் சிரிக்கிறார், பைகள் இருக்கின்றன, கடலோரக் குழந்தைகளின் வாழ்வில் ஒளி ஏற்றப்பட்டிருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. அடுத்த முறை கொடுக்கும்போது, என்ன வேண்டும் என்று முதலில் வாங்குகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொன்னதையே கொடுங்கள், முடியாவிட்டால் பழையபடி மக்ரூனே கொடுங்கள் என்று முடித்தேன்.

பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மேலாளர் என் இடத்துக்கு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெயில் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா அத்தன பேர சிசி-யில போட்டிருக்க வேண்டாம்."

"இன்னும் ரெண்டு பேர விட்டுட்டேன் சார்" என்றேன். அவர்களுக்கும் அன்றே அனுப்பினேன்.