சொல் இல்லாமல் வாசித்த ஒப்பாரி

எங்கள் பேண்டு செட்டில் நான் ட்ரம்பெட் வாசிக்கிறேன். உத்திரமேரூரைச் சுற்றி எங்கே கல்யாணம், சாவு என்றாலும் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெரிய தெருவுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. காலனி ஆட்கள் அங்கே வாசிக்கலாம், பாடக் கூடாது. மைக்கை எங்கள் கையில் தர மாட்டார்கள். நாங்கள் ஊதுவது வேண்டும், எங்கள் பேச்சு வேண்டாம். நல்ல நியாயம்!

போன வருஷம் நடவின்போது, பெரிய தெருக்காரர் ஒருவரின் கழனியில் என் தங்கையைப் பாம்பு கடித்தது. அவருடைய கார் பக்கத்திலேயே நின்றிருந்தது. "சேத்தோட ஏத்துனா சீட்டு வீணாப் பூடும். ஆட்டோவுக்குச் சொல்லு" என்றார். ஆட்டோ வருவதற்குள் அவள் கண் செருகிவிட்டது.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். அவளே கட்டிய ஒப்பாரி. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கார் தராத வீடு மண்ணாய்ப் போகட்டும் என்று முடிப்பாள்.

தை மாதம் அதே ஆளின் மகளுக்குக் கல்யாணம். எங்களைத்தான் கூப்பிட்டார். செட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான்தான் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை அழைப்பு அவர் வாசலுக்கு வந்ததும் அந்த ஒப்பாரியை எடுத்தேன். டிரம் அடிப்பவனை வேகத்தைக் கூட்டச் சொன்னேன். சொல் இல்லாத மெட்டை எவன் கண்டுபிடிப்பான்? தன் குடி கெடச் சொல்லும் பாட்டுக்கு அந்த ஆள் வியர்க்க வியர்க்க ஆடினார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"இன்னொரு வாட்டி வாசிடா, ஜோரா கீது!" என்றார்.

அம்மா அங்கே பாத்திரம் தேய்க்க வந்திருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட ஆசைதான். தெரியும். சோப்பு நுரைக் கையோடு பந்தலுக்குப் பின்னால் நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது தடவை இன்னும் வேகமாக வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வாதாடினேன்.

"ஒரு வார்த்தை வந்துதா? வெறும் மெட்டுதானேம்மா."

"வார்த்த எனக்குத் தெரியுமேடா. அவன் நாசமாப் போறது இருக்கட்டும், அந்தப் பாட்டுல உன் தங்கச்சி கீறா. அவளத் தெருவுல ஆட வுட்டுட்டு வந்துகிற."

யாரோ போனில் பிடித்த வீடியோ பெருநகர், ராஜகுளம் வரை போய்விட்டது. போகிற கல்யாணத்தில் எல்லாம் அதையே கேட்டார்கள். நான் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. கைதட்டல் யாருக்குக் கசக்கும்?

போன வாரம் தங்கைக்கு வருஷம் திரும்பியது. படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்தோம். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார, அம்மா மாரில் கை வைத்து முதல் அடியை எடுத்தாள். அடுத்த வீட்டுச் சின்னப் பெண் எழுந்து இடுப்பை வளைத்து ஆட ஆரம்பித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார்கள்.

அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். மகளுக்காக அழ அவளிடம் வேறு பாட்டு இல்லை.